சாக்கு, சாக்கு

என் கழுத்தில் இருக்கும் தழும்பைப் பார்த்துவிட்டு, பார்லருக்கு வருகிறவர்கள் "என்னக்கா, செயின் அறுத்துட்டானா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். சினிமாவில் நடித்தபோது வந்தது என்றால் சப்பணம் போட்டு உட்கார்ந்து கதை கேட்பார்கள், எனக்கு வேலை கெடும்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் பார்லர் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாடகம். ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த டைரக்டர் என்னைத் தேடி வந்தான். எங்களைப் போலவே அவனும் தாத்தா காலத்திலிருந்தே பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். ஐ.டி. வேலை. முதல் படம், அதுவும் கருப்பு வெள்ளையில். ஒரு வீடு, ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. சந்தேகம் புருஷனின் மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. கடைசியில் அவள் தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்து, சாக்கின் வாயை முறுக்கிக் கொன்றுவிடுகிறான்.

"கலர் இருந்தா ஜனங்க புடவையைப் பார்ப்பாங்கக்கா. எனக்கு அந்தப் பொம்பளையோட பயம் மட்டும் வேணும்" என்றான்.

"பயம்தானே தம்பி? சமைக்கும்போது கேஸ் தீர்ந்தா எங்க வீட்டுக்கு வாங்க, காட்டறேன்" என்றேன். சிரித்தான். நல்ல பையன் என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்டின் டவுனில் காலியாகக் கிடந்த ஒரு பழைய வீட்டில் படப்பிடிப்பு. பட்டப்பகலில் ஜன்னலுக்கெல்லாம் கருப்புத் துணி. ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. கருப்பு வெள்ளையில் நிஜ ரத்தத்தைவிட அதுதான் எடுப்பாகத் தெரியுமாம். என் நெற்றியில் ஊற்றியதை எறும்பு மொய்த்ததுதான் மிச்சம்.

புருஷனாக நடித்தவன் சென்னைக்காரன். பூனையைக்கூட அதட்டத் தெரியாத பிள்ளை. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஓடி வந்து "வலிச்சுதாக்கா?" என்பான். கன்னடம் அவனுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டில் டைரக்டருக்கு நான் ரசம் ஊற்றும்போது அவன் "சாக்குக்கா, சாக்கு" என்று இலைமேல் கையை விரித்தான். சென்னைக்காரன் விழித்தான். கன்னடத்தில் போதும் என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள், 'க'வைக் கொஞ்சம் மெலிதாக. வீட்டில் தமிழே பேசினாலும் சோற்றுக்கு முன்னால் எங்களுக்கு அந்தச் சொல்தான் வரும். இதை யாராவது அவனுக்கு விளக்கியிருக்கலாம். பசியில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

சாப்பாடு முடிந்து கொலைக் காட்சி. வலித்தால் நான் தரையைத் தட்ட வேண்டும், உடனே விட்டுவிடுவான் என்று பேசி வைத்திருந்தோம். ஆனால் சாக்கு நழுவிக்கொண்டே இருந்தது. காதில் ஹெட்போனோடு மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த டைரக்டர், "சாக்கு! சாக்கைப் பாரு! இறுக்கு!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனான். அடுத்த டேக்கில் சென்னைக்காரன் ரோஷத்தோடு இறங்கினான். அவன் முழங்கால் என் இரண்டு கைகளின்மேலும் ஏறிவிட்டது. தரையைத் தட்ட முடியவில்லை.

கோணி மூக்கை அடைத்தது. தூசி தொண்டையில் இறங்கியது. முறுக்கின சாக்கு கழுத்துத் தோலை அறுத்தது. நடிப்பாவது மண்ணாவது! உயிர் போகிற நேரத்தில் வாயிலிருந்து பாழாய்ப்போன அந்தச் சொல்தான் வந்தது.

"சாக்கு! சாக்கு!"

சென்னைக்காரன் என்ன நினைப்பான்? சாக்கு மறுபடி நழுவுகிறது, இறுக்கச் சொல்கிறாள் என்று நினைத்தான். இன்னும் ஒரு சுற்று முறுக்கினான். நான் மறுபடி கத்தினேன். மறுபடி முறுக்கினான். "கட்" என்ற சத்தம் வரவே இல்லை. கண்ணுக்குள் வெளிச்சம் தெறித்தது. என் பெண்ணை ஸ்கூலிலிருந்து யார் கூப்பிட்டு வருவார்கள் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

நிறுத்தியது அவனேதான். விரலில் ஈரம் பட்டிருக்கிறது. பார்த்திருக்கிறான். சாக்லேட் பாகு பழுப்பு நிறம். அவன் கையில் இருந்தது சிவப்பு.

சாக்கைப் பிய்த்து எறிந்துவிட்டு அலறினான். நான் மூச்சு வாங்கி எழுந்து உட்காருவதற்குள் அவன் மூலையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். டைரக்டர் ஓடி வந்து என் காலைப் பிடித்துக்கொண்டான். "சாமி சத்தியமாக்கா, மத்தியானத்திலேர்ந்து சாக்கு சாக்குன்னே கத்திட்டு இருந்தோமா, நானும் கோணியைத்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன். மானிட்டர்ல ரத்தமும் கருப்பா, பாகும் கருப்பா. தெரியலக்கா."

நம்பினேன். அந்த டேக்கைப் படத்தில் வைத்துக்கொள்ளவும் தலையாட்டினேன். விபத்துதானே? சென்னைக்காரன் மட்டும் தேறவில்லை. ஒரு சொல் தெரியாமல் ஒருத்தியைக் கொல்லப் பார்த்தோமே என்று அழுது அழுது, நடிப்பையே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

படம் முடிந்ததும் ஒரு சின்ன அரங்கில், எங்களுக்கும் நண்பர்களுக்கும் மட்டும் போட்டுக் காட்டினார்கள். டைரக்டர் என் பக்கத்து இருக்கையில். வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்புவதற்காக வசனமெல்லாம் கீழே ஆங்கிலத்தில் ஓடியது. எல்லாம் அவனே எழுதியது என்று பெருமையாகச் சொல்லியிருந்தான். கொலைக் காட்சி வந்தது. திரையில் சாக்குக்குள் என் தலை துள்ளியது. "சாக்கு! சாக்கு!" என்று என் குரல்.

கீழே ஆங்கிலத்தில் இரண்டே சொல். 'போதும்! போதும்!'

அவன் பக்கம் திரும்பினேன். அவன் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு அப்பவே புரிஞ்சிருக்குடா!"

"அக்கா, அந்த ஷாட்... கட் சொல்லியிருந்தா அந்த மாதிரி ஒரு பயம் மறுபடி கிடைக்காதுக்கா..."

பாவி! நான் செத்துக்கொண்டிருந்தேன், இவன் ஷாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளை தன்னைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டு ஊரில் முடங்கிக் கிடக்கிறான். என் கை என்னைக் கேட்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்து அறைந்தேன். அவன் மூக்குக்கண்ணாடி தெறித்து எங்கேயோ விழுந்தது. மறு கன்னத்தில் இன்னொன்று. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. திரை வெளிச்சத்தில் அதுவும் கருப்பாகத்தான் இருந்தது. யாரோ விளக்கைப் போட்டார்கள். அவன் இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டு கத்தினான்.

"அக்கா, சாக்கு! சாக்கு!"

அந்த அரங்கில் கோணி எதுவும் இல்லை. என்ன சொல்கிறான் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்த பிறகுதான் இன்னொன்று வைத்தேன்.