என் பெயருக்கு வந்த வாக்காளர் அட்டை

நான் இலங்கையை விட்டு வெளிக்கிட்டு ஆறு வருடமாகியும் எங்கள் வீட்டு வாக்காளர் இடாப்பில் என் பெயர் இருந்தது. கிராமசேவகர் வருடா வருடம் படிவத்தோடு வந்து, வெட்டவா என்று கேட்பார். அம்மா விடமாட்டார். பெற்றவளே பிள்ளையின் பெயரை வெட்டுவதா என்று ஒரு பிடிவாதம். இராணுவம் தேடியதால்தான் நான் ஓடினேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் கிராமசேவகரின் படிவம் வேறு, இராணுவத்தின் பட்டியல் வேறு என்று நினைத்துக்கொண்டார்.

2001 மார்கழியில் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. லண்டன் டூட்டிங்கில் நான் வேலை செய்த பலசரக்குக் கடையில்கூட எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்று மரவள்ளிக்கிழங்குப் பெட்டிகளுக்கு நடுவே நின்று சண்டை பிடித்தார்கள். எனக்கு அதில் அக்கறை இருக்கவில்லை. வாக்களிப்பு நாளன்று மத்தியானம் அம்மா கடைக்கே போன் எடுத்தார்.

"உன்ரை வோட்டை நாங்கள் போடாட்டி வேறை ஆக்கள் போட்டிடுவினம் எண்டு, தம்பியிட்டை உன்ரை அட்டையைக் குடுத்துவிட்டனான். வோட்டுப் போடுற இடத்து வாசலிலை ஆமி அவனை மறிச்சுப் பிடிச்சிட்டுது."

தம்பியை நான் என்று நினைத்துப் பிடித்திருந்தார்கள். தான் தம்பி என்று சொல்லி அவன் அழுதிருக்கிறான். அம்மா அவனுடைய அடையாள அட்டையோடு ஓடியிருக்கிறார். அது கள்ள அட்டை என்று தூக்கி எறிந்தார்களாம்.

"நீ லண்டனிலை இருக்கிறாய் எண்டு ஒரு கடிதம் எடுத்து அனுப்பு அப்பன். அதைக் காட்டினால் விடுவினம் எண்டு லோயர் சொல்லுறார்."

ஒரு வோட்டுக்காக இப்படிச் செய்தாரே என்று அம்மாவின் மேல் பொல்லாத கோபம் வந்தது. அடுத்த நாள் காலையே ஸ்ட்ரெதத்தில் இருந்த என் சட்டத்தரணியிடம் போனேன். அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான். கோப்பைத் திறந்து நான் பதிந்திருந்த பெயரைப் பார்த்தார். ஜெர்மனியில் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு வந்த நான், அது தெரியக்கூடாது என்று லண்டனில் வேறு பெயரில் பதிந்திருந்தேன்.

"உம்மடை சொந்தப் பேரிலை லண்டனிலை ஆரும் இல்லைத் தம்பி," என்றார். "நீர் இருக்கிறீர் எண்டு காட்டிறதெண்டால், பொய்ப் பேர் குடுத்தனான் எண்டு இமிகிரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவேணும். கேஸ் விழும். கொழும்புக்குத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்கள். எழுதட்டோ?"

யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பி வந்துவிட்டேன். தம்பியை நினைத்தால் துணிவு வரும். கொழும்பு விமான நிலையத்தில் இறங்குவதை நினைத்தால் அது போய்விடும். என்னைப்போல ஒரு கோழை எங்கள் குடும்பத்தில் பிறந்திருக்கக் கூடாது. அப்படியே மூன்று கிழமை போனது.

மூன்றாம் கிழமைதான் அம்மாவை இராணுவ முகாமில் தம்பியைப் பார்க்க விட்டார்கள்.

"பேர் கூப்பிடேக்கை உன்ரை பேருக்குத்தான் கை தூக்கிறான்," என்றார் போனில். "தூக்காட்டி அடிக்கிறாங்களாம்." பிறகு கேட்டார்: "கடிதம் அனுப்பிப்போட்டியோ ராசா?"

"ஓம் அம்மா," என்றேன். "போன கிழமையே அனுப்பிட்டன்."