மூன்றாவது ராஜாவின் பூட்ஸ்

கருவாடும் அடுப்புப் புகையும் கலந்தாற்போல ஒரு நெடி. எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பழந்துணி மூட்டையைப் பிரித்ததும் முதலில் வந்தது அதுதான். பிறகுதான் முழங்கால் உயரத்தில், விளிம்பில் வெள்ளை ரோமம் வைத்து, அடிப்பாகமும் மெத்தென்ற தோலாலேயே தைத்த அந்த பூட்ஸ் ஜோடி வெளியே வந்தது. கல்வராயன் மலைக் குளிருக்கே ஒரு கம்பளியோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நாங்கள். காலுக்கு இப்படியொன்றை யாரும் கண்டதில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம் அது, நான் ஆறாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு என்று அண்ணன் இன்றும் சாதிக்கிறான். ஆனால் தியாகதுருகம் பள்ளிக்கு நான் பஸ் ஏறத் தொடங்கியது ஆறாம் வகுப்பில்தான், அந்த பஸ்ஸில் இதைப் பற்றியே பேசிக்கொண்டு போனதும் நினைவிருக்கிறது, ஆகவே என் கணக்கே சரி.

குழந்தை இயேசுவைக் காண மூன்று ராஜாக்கள் வரும் கிறிஸ்துமஸ் நாடகத்தை நடத்திய ரோசி அக்கா, "யாரு காலுக்கு இது சேருதோ அவங்கதான் மூணாவது ராஜா" என்று சொல்லிவிட்டாள். ஆண்டுதோறும் ஆட்டுக்குட்டி வேஷமே கிடைத்துவந்த பெண்பிள்ளைகளில் ஒருத்தியான நானும் காலை நீட்டினேன். பையன்கள் போட்டு நடந்தால் கழன்று விழுந்தது. அண்ணன் "முறம்" என்று கேலி செய்யும் என் காலுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்தாற்போல் இருந்தது.

"டேய், முறத்துக்கு முடி சூட்டுறாங்கடா!" என்று கத்தினான் அவன்.

ஒத்திகையன்று வாசலிலேயே, கோயிலைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் மறித்தார். "செருப்ப வெளிய வுட்டுட்டு வாம்மா."

எங்கள் கோயிலுக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை. பூட்ஸ் போனால் ராஜா வேஷமும் போய்விடும்; நான் ரோசி அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"இது செருப்பு இல்லீங்க, சாக்ஸுங்க" என்றாள் அக்கா.

"ஆட்ட உரிச்சு கால்ல மாட்டிக்கினு வந்து சாக்ஸுன்றியே!"

"பனிக்குப் போடறதுங்க."

"உள்ள இன்னா பனியா பெய்யுது?"

கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றிப் பனியென்று பரப்பியிருந்த பஞ்சை அக்கா கை காட்டினாள். உபதேசியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நடக்கட்டும். சத்தம் வந்தா செருப்பு, வரலன்னா சாக்ஸ்."

சிமெண்ட் தரையில் வாசலிலிருந்து குடில்வரை நடந்தேன். துணிச்சல் வந்து ஓடினேன். கடைசியில் குதித்தே பார்த்தேன். என் மூச்சுத்தான் எனக்குக் கேட்டது.

"ராஜா உள்ள போலாம்" என்றார் உபதேசியார்.

அந்த ஜோடியை அடுத்த மழைக்காலத்தில் பூஞ்சை தின்றுவிட்டது. அதன் பெயர் மக்லக் என்றும், வடதுருவத்து இனூயிட், யூபிக் மக்கள் சீல் தோலிலும் துருவமான் தோலிலும் தைப்பது என்றும், வேட்டைக்காரன் நெருங்குவது விலங்குக்குக் கேட்காமலிருக்க அந்த மெத்தென்ற அடி உதவும் என்றும் வெகுகாலம் கழித்துப் படித்தபோது, உபதேசியாரின் தீர்ப்பை நினைத்துத் தனியே சிரித்தேன். இப்போது எங்கள் கோயிலில் மூன்று ராஜாக்களும் வெறுங்காலோடுதான் வருகிறார்கள். போன டிசம்பரில் அவர்களில் இருவர் பெண்கள், அவர்களுடைய கால் அளவை யாரும் பார்க்கவில்லை.