ஆம்பூர் ஃபிரிட்ஜில் கடற்புல் விதை

கடற்புல் விதை பொறுக்குவது என் வேலை. ராமநாதபுரம் பக்கத்துக் கடலில் நீர் வற்றும் நேரத்தில் இறங்கி, புல்லின் அடிமணலை அள்ளிச் சல்லடையில் அலசினால் கொள்ளு போலச் சில விதைகள் தங்கும். அவற்றைக் கடல்தண்ணீரில் போட்டு, குளிரிலும் இருட்டிலும் முளைக்கவிடாமல் தூங்க வைக்க வேண்டும். பருவம் வந்ததும் புல் அழிந்துபோன இடங்களில் கொண்டுபோய் விதைப்போம்.

ஒருமுறை எங்கள் ஆய்வுக்கூடத்தின் குளிர்பெட்டி பழுதாகிவிட்டது. மெக்கானிக் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். விதைகளைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார் ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடம். நான் குடியாத்தம் அத்தை பெண் கல்யாணத்துக்காக ஆம்பூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். என் பங்கும் என்னுடன் கிளம்பியது: இரண்டு டப்பா விதை, தண்ணீர் மாற்றுவதற்கு ஒரு கேன் கடல்தண்ணீர்.

திருவண்ணாமலையில் வேலூர் பஸ் ஏறியபோது பக்கத்து சீட்டு அம்மா கேனை முகர்ந்து பார்த்துவிட்டு எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்தார். ராமேஸ்வரம் பக்கம் என்றேன். அதுதான் நான் செய்த தப்பு.

"தீர்த்தமாம்மா?"

"இல்லைங்க. வெறும் கடல் தண்ணி."

"அதாம்மா தீர்த்தம்" என்று கையை நீட்டிவிட்டார்.

ஒரு கைக்கு ஊற்றியதும் பின்சீட்டிலிருந்து நாலு கை வந்தது. போளூர் தாண்டுவதற்குள் வரிசையே நின்றது. கண்டக்டர் தன் பாட்டிலில் பிடித்துக்கொண்டார். டிரைவர் தலையிலும் கொஞ்சம் தெளித்தோம். விதைக்கான தண்ணீர் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் இன்னும் விசேஷம் என்றார்கள். வேலூரில் இறங்கும்போது கேனில் ஒரு டம்ளர் மிச்சம்.

ஆம்பூரில் அப்பா தோல் கம்பெனியில் தோல் ஊறும் உப்புத்தண்ணீர் டிரம் பார்க்கிறவர். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று கண்ணாடிக் குழல் ஒன்றை மிதக்கவிட்டு டிகிரி கணக்கில் சொல்வார். என் கதையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. முதல் தடவையாக என் வேலை அவருக்குப் புரிந்திருந்தது.

"எத்தினி டிகிரி வேணும்?"

கணக்குப் போட்டு மூன்றரை என்றேன்.

"மூணரைல தோல் அழுகிப் பூடும்மா. எட்டு வச்சிக்கோ."

இது தோல் இல்லை, உயிரோடு இருக்க வேண்டிய விதை என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. கடைசியில் கம்பெனியிலிருந்து சோற்றுக்கூடையில் அந்தக் குழலை வைத்து எடுத்துவந்து, உப்பையும் தண்ணீரையும் மூன்றரைக்கே கலந்தார். உப்பில்லாத ரசத்தை விருந்தாளிக்குப் பரிமாறுகிறவர் முகம் போல இருந்தது அவர் முகம். ஒரு டப்பாவுக்குத் தண்ணீர் மாற்றி முடிப்பதற்குள் குடியாத்தம் அத்தை வீட்டிலிருந்து ஆட்டோ வந்துவிட்டது. இன்னொன்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டையும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

நான்கு நாள் கழித்துத் திரும்பியபோது அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். ஷூ கம்பெனி வேலை முடிந்து வந்தவர் யூனிபாரம்கூட மாற்றவில்லை.

"உன் விதை மொளைச்சிருக்கு, வந்து பாரு."

தோசைமாவுக்கு இடம் வேண்டி இரண்டாவது டப்பாவை வெளியே எடுத்திருக்கிறார். தண்ணீர் கம்மியாக இருந்ததைப் பார்த்துப் பாவப்பட்டு, குடிக்கிற தண்ணீரை ஊற்றி ஜன்னலோரம் வைத்திருக்கிறார். உப்பு குறைந்ததும் மழைக்காலம் என்று நினைத்து விதைகள் விழித்துவிட்டன. ஒவ்வொன்றிலும் வெள்ளையும் பச்சையுமாக ஒரு முனை.

நான் டப்பாவை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். அம்மாவோ பக்கத்து வீட்டையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருந்தார். "அவரு தண்ணி மாத்துன டப்பாவுல ஒண்ணும் வரல" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியும் இருந்தார்.

அப்பா சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "மொளைக்காம இருந்தாதான் பாஸுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார். சொன்னேன். அம்மா நம்பவில்லை. முளைக்காத விதையை யாராவது பாஸ் என்பார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மேடத்துக்கு போன் செய்தேன். தூங்க வைக்கத்தானே கொடுத்தேன் என்று திட்டினார். பிறகு, எத்தனை முளைத்திருக்கிறது என்று கேட்டார். ஏறக்குறைய எல்லாமே என்றேன்; ஆய்வுக்கூடத்தில் பாதிகூட முளைத்ததில்லை. அப்புறம் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள், வெயில் பட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அம்மா பிரியாணிக்கு அளவு சொல்வதுபோலச் சொன்னார்.

நான் ராமநாதபுரம் திரும்பியதும் அப்பாவின் விதைகள் சரிசெய்த குளிர்பெட்டிக்குப் போயின. ஒன்றும் கெடவில்லை. அம்மாவின் நாற்றுகளைத் தொட்டியில் வளர்த்து, கடலில் நட்டோம். சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு வரிசையைக் காணோம். மேய்ந்த தடம் மட்டும் இருந்தது. கடற்புல்லைத் தின்றே வாழும் கடல்பசு வந்து மேய்ந்திருக்கும் என்றார் படகுக்காரர்.

பயந்துகொண்டே அம்மாவிடம் சொன்னேன்.

"பசுவா?"

"கடல்ல இருக்கிற பசும்மா."

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"சாப்ட்டுப் போவட்டும், வுடு" என்றார். அன்று வெள்ளிக்கிழமை வேறு என்பதில் அவருக்கு ரொம்பத் திருப்தி.