கேட்டை மூடிடுங்க

ரேணிகுண்டா பக்கத்தில், எங்கள் காலனிக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே கூட்ஸ் யார்டு. சுடுகாடு போக இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஊர்த்தெரு வழியாகப் போய்ப் பழைய பாலத்தடியில் தண்டவாளத்தைக் கடக்கும் தார் ரோடு. பஞ்சாயத்து ரோடுதான், யாரும் போகலாம். எங்கள் பிணம் மட்டும் போகக்கூடாது. அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் கிழித்தாவது போட்டிருப்போம். இன்னொரு வழி ரயில்வே கேட்.

அம்மா செத்த அன்று கேட் மூடியிருந்தது. யார்டுக்குள் இடம் போதாது. பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்க கூட்ஸ் வண்டியை முன்னே இழுப்பார்கள், பின்னே தள்ளுவார்கள். அத்தனையும் கேட்டின் மேலேதான். பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு, நிலக்கரிப் பெட்டிகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு ஆத்திரமாக வந்தது. பக்கத்தில் நின்ற நைனா மெதுவாகச் சொன்னார்.

"நான் செத்தா அந்த ரோட்லதான்டா எத்துக்கினு போவணும்."

சில வருஷம் கழித்து யார்டை மாற்றி அமைக்கத் திட்டம் வந்தது. லைன்களை மறுமுனையில் நீட்டுவார்கள், வண்டி பிரிக்கும் வேலை அங்கே போய்விடும். கேட்டை நிரந்தரமாக மூடிவிட்டு, பாலத்தடி ரோட்டை அகலமாக்குவார்கள். இனி எல்லாருக்கும் ஊர்த்தெரு ஒன்றுதான் வழி. வரைபடம் போட்ட இன்ஜினியருக்கு எங்கள் ஊர்க் கதை தெரியாது. தெரியாமலே நல்ல காரியம் செய்துவிட்டார்.

பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம் போட்டு, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று அதிகாரி தெலுங்கில் கேட்டார். முதலில் எழுந்தவர் ஊர்ப் பெரியவர். தன் மாங்காய் லாரி நிற்கிறது, கேட்டை எடுங்கள் என்று வருஷா வருஷம் மனு கொடுத்த அதே ஆள்.

"காலனி ஜனங்க பாவம் சார். அவங்களுக்காக கேட்டு இருக்கட்டும்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். நைனா எழுந்தார்.

"நாங்க பாவமில்ல சார். கேட்ட மூடிடுங்க."

காலனி மொத்தமும் கை தூக்கியது. வெளியே வந்ததும் பெரியவர் எங்களைப் பார்த்து, "கூலிக்கு எங்க போறீங்கன்னு பாக்கறேன்" என்றார். யார்டுக்குத்தான் போனேன். புது லைனுக்கு ஜல்லி கொட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன். அவ்வளவு ஆசையாக வேறெந்த வேலையும் செய்ததில்லை.

கேட்டை மூடியதைப் பார்த்துவிட்டு, அடுத்த கோடையில் நைனா செத்தார். பட்டப்பகலில் மேளத்தோடு ஊர்த்தெருவுக்குள் நுழைந்தோம். கதவுகள் சாத்திக்கொண்டன. பெரியவர் மட்டும் வாசலில் நின்றார்.

"மோளத்தயாவது நிறுத்திக்கினு போங்கப்பா."

"நிறுத்திக்கினு போறதுக்கா இந்த வழியா வந்தோம்?" என்றேன். மேளம் நிற்கவில்லை.

பாதி வழியில் பாடையை இறக்கி, தலைப்பக்கத்தையும் கால்பக்கத்தையும் மாற்றித் திரும்பத் தூக்குவது எங்கள் வழக்கம். புது வழியில் பாதி எது என்று யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. தூக்கி வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். பெரியவர் வீட்டு வாசலைக் காட்டி, இதுதான் பாதி என்றேன்.

இறக்கினார்கள்.