உறவு என்ற கட்டம்

இன்று தஞ்சாவூர் பஸ்ஸில் உட்கார்ந்து மெயிலைத் திறந்தேன். மகளுக்கு உதவித்தொகையோடு பிளஸ் ஒன் இடம் கொடுத்த இங்கிலாந்து விடுதிப் பள்ளி, அங்கே அவளுக்குப் பொறுப்பேற்கும் கார்டியனுக்கு எழுதி எனக்கும் நகல் அனுப்பியிருந்தது.

"டியர் மிஸஸ் பெரியம்மா."

பக்கத்து சீட்டுக்காரம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன்.

பிறகுதான் பயம் வந்தது. அந்த ஊரிலேயே ஒரு கார்டியன் இல்லாவிட்டால் சேர்க்கமாட்டோம் என்று கறாராகச் சொன்ன பள்ளி அது. ஒரு மாதம் அலைந்து, ராஜகிரிக் கடைக்கார பாயின் அண்ணி பாத்திமா அக்கா அங்கே இருப்பது தெரிந்து, அவரும் சம்மதித்திருந்தார். மகள் கூப்பிடுகிற மாதிரி என் போனில் அவர் "பாத்திமா பெரியம்மா". படிவத்திலும் கை அப்படியே எழுதிவிட்டது.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"தப்பு பண்ணிட்டேங்க்கா. எல்லாம் திரும்ப மொதல்லேர்ந்தா?"

"ஏம்மா பதறுறீங்க? பாஸ்போர்ட்ல உள்ளபடி திருத்தி அனுப்புங்க, போதும். லீவுக்குப் புள்ள வந்தா தங்க ரூமே ஒதுக்கியாச்சு. சோத்துக்கு ரசமா மோரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

பெயரைத் திருத்தினேன். அதற்குக் கீழே "மாணவிக்கு என்ன உறவு" என்ற கட்டத்தை, சொந்தம் இல்லையே என்று அன்றைக்குக் காலியாக விட்டிருந்தேன். மேலே அழித்த சொல்லை அங்கே போட்டு அனுப்பிவிட்டேன்.

அதற்கு அர்த்தம் என்ன என்று பள்ளி கட்டாயம் கேட்கும். ஆன்ட்டி என்று எழுத மனசு வரவில்லை. வேறு இங்கிலீஷ் சொல் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.