அக்காவின் பெயர் வந்த படம்

என் அக்கா தையல்காரி. பதினேழு வயதில் அப்பா செத்ததும் மிஷினில் உட்கார்ந்தவள், ஐம்பத்துநாலு வயதில் முதுகு பிடித்துக்கொண்டு படுக்கையில் விழும்வரை எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "கையில வேலை இருக்கு, அப்புறம் பாக்கலாம்" என்பாள். அந்த அப்புறம் வரவேயில்லை. அளவு கொடுக்க வருகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால் விடமாட்டாள். "மூச்சை விடுங்க. என்னை ஏமாத்தலாம், துணியை ஏமாத்த முடியாது" என்பாள். அவர்களும் அசடு வழிந்துகொண்டே மூச்சை விடுவார்கள்.

போன வருடம், குறும்படம் எடுக்கும் ஒரு பெண் அவளைத் தேடி வந்தாள். பஸ் கண்டக்டர் ஒருத்தியின் கதை. ஒரே கோட்டு மூன்று வயதில் வேண்டும்: வேலைக்குச் சேர்ந்த அன்று புதுசாக, பாதியில் வெளுத்து, கடைசி நாளில் நைந்துபோய். அக்கா மூன்றையும் தைத்தாள். படம் மொத்தமே இருபது நிமிடம். அது ஒரு பெரிய விருதின் கடைசிப் பட்டியலில் நுழைந்துவிட்டது. பட்டியலில் இருந்த ஐந்து படங்களையும் ஒரே காட்சியாகச் சேர்த்துத் தியேட்டர்களில் ஒரு வாரம் ஓட்டினார்கள். எங்கள் தியேட்டரின் சின்னத் திரைக்கும் வந்தது. அங்கே நான்தான் ஆபரேட்டர்.

அக்காவால் வர முடியவில்லை. மூன்று வாரத்துக்குப் பத்து நிமிடம்கூட உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நீ பாத்துட்டு வந்து சொல்லுடா, அது போதும்" என்றாள். "என் தம்பி ஓட்டுற படத்துல என் பேரு வருதுன்னு தெருவுக்கே சொல்லி வச்சிருக்கேன்."

இப்போது என் வண்டவாளத்தைச் சொல்கிறேன். படம் முடிந்து பெயர்கள் ஓடுவதை நாங்கள் 'எழுத்து' என்போம். எழுத்து வந்ததும் நான் வெட்டிவிட்டு விளக்கைப் போட்டுவிடுவேன். இருபத்தைந்து வருடப் பழக்கம். பெருக்குகிற அம்மாவுக்கு இரண்டு காட்சிகளுக்கு நடுவே கால் மணி நேரம்தான்; அவருக்கு நல்லது செய்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். எங்கே தாண்ட வேண்டும் என்று ஒருமுறை குறித்துவிட்டால் வாரம் முழுக்க அதுவே தாண்டும். வெள்ளிக்கிழமை காலை ஐந்து படத்துக்கும் குறித்து வைத்தேன். பதினோரு நிமிடம் மிச்சம். அக்காவின் பெயர் அந்த எழுத்தில்தான் வரும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவேயில்லை.

சாயங்காலம் போன் செய்தாள். "பாத்தியா?"

அப்போதுதான் உறைத்தது. வெட்டிவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"பாத்தேன்க்கா. நல்லா பெருசா வந்துச்சு."

"வேற?"

"வேற என்ன? கைதட்டினாங்க."

"சரி, நேரத்துக்குச் சாப்பிடு" என்று வைத்துவிட்டாள்.

நாளைக்கே குறியை எடுத்துவிட்டு ஒருமுறை பார்த்துவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று நினைத்தேன். சனிக்கிழமை பெரிய திரையில் கூட்டம் நெரிந்தது, என்னை அங்கே இழுத்துப் போட்டார்கள். ஞாயிறு ஏசி படுத்துக்கொண்டது. திங்கள், செவ்வாய், புதனுக்கு அந்தச் சாக்குகூட இல்லை. சும்மா தள்ளிப்போட்டேன். அக்காவுக்குப் போன் செய்வதையும் குறைத்துக்கொண்டேன். அவள் குரலைக் கேட்டாலே செருப்புக்குள் கல் கிடப்பது மாதிரி இருந்தது. அவள் ஒருத்திக்காகக்கூட ஒரு பொத்தானை அழுத்த எனக்குக் கை வரவில்லை என்பதை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

வியாழன்தான் கடைசி நாள். அன்று காலை மற்றவர்களுக்கு முன்பே போனேன், காலித் தியேட்டரில் தனியாக ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று. கம்ப்யூட்டரில் அந்தப் படங்களைக் காணோம். மேனேஜரிடம் ஓடினேன்.

"அதுக்கு நாலு பேரு வர்றான். இன்னைக்கே புதுப் படத்தை ஏத்தச் சொல்லிட்டாங்க, இடம் பத்தல, நேத்து ராத்திரியே அழிச்சிட்டேன்" என்றார். "ஏன், உனக்கென்ன?"

எனக்கென்ன என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அன்று மதியம் லீவு சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மிஷின் மேல் துணி மூடியிருந்தது. அக்கா தலையணையில்லாமல் மல்லாந்து படுத்திருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நான் பாக்கவே இல்லக்கா. ஆறு நாளும் வெட்டிட்டேன். உங்கிட்ட பொய் சொன்னேன். இப்ப படமே போயிடுச்சு."

கூரையைப் பார்த்தபடியே "தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. என் பேருக்குக் கீழ உன் பேரு வருது. நான்தான் அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுப் போடச் சொன்னேன். உதவின்னு. நீ பாத்திருந்தா அதைத்தானே மொதல்ல சொல்லியிருப்ப."

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கடைசிக் கோட்டு நைந்துபோய்த் தெரியவேண்டும் என்று, ஒரு ஞாயிறு முழுக்க என்னை உட்கார வைத்து உப்புத்தாளால் தேய்க்கச் சொன்னாள். லீவு நாளில் இது என்ன கூத்து என்று திட்டிக்கொண்டே தேய்த்தேன். சாயங்காலமே மறந்தும் போனேன்.

"அதெல்லாம் ஒரு வேலையாக்கா? அதுக்குப் போய் பேரா?"

"வேலைக்காகப் போடல" என்றாள். "நம்ம ரெண்டு பேர் பேரும் ஒண்ணா வந்தது, அப்பா செத்தப்ப அடிச்ச நோட்டீஸ்ல மட்டும்தான்டா. நல்லதுக்கும் ஒரு தடவை வரட்டுமேன்னு நெனச்சேன்."