படிகள் எதற்கு என்று துரை கேட்டார்

பாளையங்கோட்டையில் கட்டட வரைபட வகுப்பில் சேர்ந்தபோது, ஒழுங்காகக் கோடு போடத் தெரிந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் வருஷம் அப்படியே போயிற்று. இரண்டாம் வருஷம் வாத்தியார் வேறு செய்தி சொன்னார். ஒவ்வொரு படத்துக்கும் இங்கிலீஷில் விளக்கம் எழுத வேண்டுமாம். கடைசிப் பரீட்சையன்று மதராசிலிருந்து வரும் இஞ்சினீயர் துரை முன்னால் நின்று அதை வாயால் சொல்லி, அவர் கேட்பதற்குப் பதிலும் சொல்ல வேண்டுமாம்.

எங்கள் வீட்டில் இங்கிலீஷ், அப்பாவின் கோர்ட்டுக் காகிதங்களில் மட்டும் இருந்த பாஷை. முத்து முத்தாக நகல் எடுப்பார். பேசி நான் கேட்டதில்லை. நானும் அப்படித்தான். படித்தால் புரியும், எழுதவும் வரும். பேசத்தான் வராது.

வாத்தியாரிடம் ஒரு மாதிரி விளக்கம் இருந்தது. 'ஐ ஹாவ் த ஆனர் டு சப்மிட்' என்று தொடங்கும். காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும், சுவர்கள் உறுதியானவை, செலவு சிக்கனம் என்று போகும். ஆஸ்பத்திரியோ சத்திரமோ, கட்டடத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். வகுப்பு முழுக்க அதை உருப்போட்டோம். மேலப்பாளையத்துத் தறிக்காரர் வீட்டிலிருந்து வந்த ஒருவன் எனக்கு நெருங்கிய சிநேகிதன். வகுப்பு விட்டதும் இருவரும் ஆற்று மணலில் உட்கார்ந்து, ஒருவன் துரையாகவும் மற்றவன் மாணவனாகவும் பேசிப் பழகுவோம். அவனுக்கு ஒரு வார்த்தை பிசகாது.

கடைசிப் பரீட்சைக்கு, தெரிந்த ஓர் ஊருக்குப் பள்ளிக்கூடம் வரையச் சொன்னார்கள். நான் சீவலப்பேரியை எடுத்துக்கொண்டேன். அங்கே என் அத்தை இருந்தாள். சின்ன வயதில் ஓர் ஐப்பசிக்கு அவள் வீட்டில் இருந்தபோது ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. அத்தை பிள்ளைகள் எங்களைத் தூக்கி நெற்குதிரின் மேல் உட்கார வைத்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்து மண் சுவர் கரைந்து, தொப்பென்று தண்ணீருக்குள் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் எனக்கு மறக்கவே இல்லை. அதனால் பள்ளிக்கூடத்தின் தரையை நெஞ்சளவு உயர்த்தி, முன்னால் வரிசையாகப் படிகள் போட்டேன். அதற்கான காரணத்தை மாதிரி விளக்கத்தோடு சேர்த்து, என் சொந்த இங்கிலீஷில் ஒரு பத்தி எழுதினேன்.

வாத்தியார் அந்தப் பத்தியை அடித்துவிட்டார்.

"இது என்ன கதை? ஆறு வந்தது, சுவர் விழுந்ததுன்னு."

"நடந்தது ஸார்."

"நடந்ததாவே இருக்கட்டும். மாதிரியில இருக்கிறதை எழுது. துரைமாருக்கு அதுதான் பழக்கம்."

வீட்டில் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, "அவரு சொல்லுதபடி எழுதிட்டுப் போயேம்லே. பாஸான பெறகு ஒன் இஷ்டத்துக்குக் கட்டு" என்றார். பத்தி இல்லாமலே சுத்தப் பிரதி எழுதிக் கொடுத்தேன். படத்தில் படிகளை மட்டும் எடுக்க மனம் வரவில்லை.

பரீட்சையன்று சிநேகிதன் எனக்கு முன்னால் உள்ளே போனான். அவன் மாதிரியைச் சொல்வது வெளியே கேட்டது. துரை எதுவும் கேட்காமல் அனுப்பிவிட்டார். அடுத்து நான் போனேன். மனப்பாடம் செய்ததைச் சொல்லி முடித்தேன். துரை படத்தின்மேல் விரலை வைத்தார்.

"இத்தனை படிகள் எதற்கு? இது பள்ளிக்கூடம்தானே, கோயில் இல்லையே" என்று இங்கிலீஷில் கேட்டார்.

கேள்வி முழுக்கப் புரிந்தது. பதிலும் இருந்தது, ஆனால் தமிழில் இருந்தது. "பிகாஸ்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் நின்ற வாத்தியார் மெதுவாக, "காற்று, வெளிச்சம்" என்று எடுத்துக் கொடுத்தார். "ஃபார் லைட் அண்ட் ஏர், ஸார்" என்று நானும் சொல்லிவிட்டேன். துரை சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெடுதல் இல்லை. ஆனாலும் என் காது இரண்டும் கொதித்தன.

மேஜைமேல் கிடந்த பென்சிலை எடுத்து, படத்தில் படிகளின் உயரத்துக்கு ஒரு கோடு இழுத்தேன். "வாட்டர்" என்றேன். "எந்தத் தண்ணீர்?" என்றார். "ரிவர், ஸார். எவ்ரி ஐப்பசி." ஐப்பசிக்கு இங்கிலீஷ் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. துரை வாத்தியாரைப் பார்த்தார். "இந்த ஊர் மாதம், ஸார்" என்றார் வாத்தியார்.

துரை அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு என் விளக்கத்தைப் புரட்டினார்.

"இதில் எழுதவில்லையே. ஏன்?"

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பத்தியை அவர்தான் அடித்தார் என்பதைத் தமிழில்கூட என்னால் சொல்லியிருக்க முடியாது.

படம் நன்று, விளக்கம் போதாது என்று முடிவு வந்தது. நான் இன்னொரு வருஷம் இருக்க வேண்டியதாயிற்று. சிநேகிதன் தேறி, ஓர் ஆபீசில் படம் வரைகிற வேலைக்குப் போனான். சில மாதம் என் கண்ணில் படாமல் இருந்தான். பிறகு ஒருநாள் அவனே பாலத்தருகே என்னை நிறுத்தினான்.

"சீவலப்பேரிக்கு நெசமாவே பள்ளிக்கூடம் கட்டப் போறாங்க வே. தரையோட தரையா ஒரு பிளானக் குடுத்து நகலெடுக்கச் சொல்லுதாங்க. ஆறு வரும்னு வாயால சொன்னேன். எழுதிக் கொண்டான்னு சொல்லிட்டாங்க."

"எழுத வேண்டியதுதான?"

"எனக்கு மாதிரியத் தவிர என்ன தெரியும்? நீரு வாரும், சேந்து எழுதுவோம்."

மணலில் உட்கார்ந்து எழுதினோம். மழைக் காலத்தில் ஆறு இந்த ஊருக்குள் வருகிறது. மண் சுவர்கள் கரைகின்றன. தரை நெஞ்சளவு உயர வேண்டும். சின்னச் சின்ன வாக்கியங்கள். ஒன்றுக்கொன்று ஒட்டுப்போட எங்களுக்குத் தெரியவில்லை. அவன் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தான். இரண்டு படி உயர்த்தலாம், அதற்கு மேல் அவசியமில்லை என்று உத்தரவாயிற்று. இரண்டு படியாவது கிடைத்ததே என்றான் அவன். எனக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அந்த வருஷப் பரீட்சையில் மேட்டு நிலத்தில் ஓர் ஆஸ்பத்திரி வரைந்து, மாதிரியை அப்படியே ஒப்பித்தேன். வேறொரு துரை வந்திருந்தார், தலையாட்டினார். தேறிவிட்டேன். அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூடம் கட்டி முடிந்த மறுவருஷம் ஆறு பெருகியது. தண்ணீர் வடிந்ததும் இருவரும் வண்டியில் போனோம். கட்டடம் நின்றது. உள்ளே கணுக்கால் புதையச் சேறு. பிள்ளைகள் உட்காரும் பலகைகள் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தன. சுவரில் தண்ணீர் நின்ற கறை, இரண்டு படிக்கும் மேலே என் முழங்காலளவில் இருந்தது.

"இப்ப என்னத்த எழுதுதது?" என்றான்.

"பாத்தத எழுதும். கறை எம்புட்டு உயரத்துல இருக்குன்னு எழுதும்."

எழுதிக் கொடுத்தான். அந்தக் காகிதத்துக்குப் பதில் வரவேயில்லை. ஊர்க்காரர்கள் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு, தரை உலருமுன்பே பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். தையில் எனக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த ஐப்பசிகளில், மழை வலுத்த நாட்களிலெல்லாம், சீவலப்பேரி அத்தையிடமிருந்து செய்தி வரும்வரை எனக்குக் கையில் வேலை ஓடாது.